நெஞ்சில் நீர்: சயரோகமா, வேறொன்றா?

நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறது என்று வைத்தியர் சொன்னால், எமது கிராமங்களில் முதலில் நினைவுக்கு வருவது சயரோகந்தான். அது பிழையான நினைப்புமல்ல. பல வேளைகளில் அதுவே காரணம். ஆனால் மருந்தை ஒழுங்காகக் குடித்தும் நீர் திரும்பத் திரும்பக் கட்டுமானால் வேறு காரணத்தைத் தேடவேண்டும்.

தென்னாபிரிக்காவின் கிம்பர்லி நகரத்துச் சயரோக வைத்தியசாலையில் அப்படித்தான் தேடினார்கள். நகரத்துக்கு மேற்கேயிருந்து வந்த சில நோயாளருக்கு மருந்து கேட்கவில்லை என்பதை 1950களில் டொக்டர் ஸ்லெக்ஸ் கவனித்தார். அந்தப் பக்கம் நீல அஸ்பெஸ்டஸ் தோண்டிய மலைகள் இருந்தன. அவரும், நோயியல் வைத்தியர் வாக்னரும், மார்ச்சண்ட் என்பவரும் 1960இல் 33 பேரின் விபரத்தை வெளியிட்டார்கள். சுவாசப்பையைச் சுற்றியுள்ள மெல்லிய உறையிலே வளரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்! சுரங்கத்தில் ஒருநாளும் வேலை செய்யாமல், சிறுவயதில் அதன் அருகே வாழ்ந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

அஸ்பெஸ்டஸ் நார் நார்களாகப் பிரியும் ஒரு கல். கண்ணுக்குத் தெரியாத அதன் நார் மூச்சோடு உள்ளே போனால் உடலால் அதைக் கரைக்க முடியாது. உறையை அது வருடக்கணக்காக உறுத்திக்கொண்டிருக்கும். நோய் வெளிப்பட 20, 30, 40 வருடங்களுக்கு மேலும் செல்லலாம்.

வைத்தியருக்கும் இந்த நோயை இனங்காண்பது இலகுவல்ல. சயரோகத்தால் புண்பட்ட உறைக் கலங்களும் பெருத்துப் புற்றுக் கலங்கள் போலத் தோன்றும். சுவாசப்பைப் புற்றுநோய் உறைக்குப் பரவினாலும் ஏறக்குறைய அதே தோற்றந்தான். இளம் பயிரில் நெல்லையும் நெல்லைப் போன்ற புல்லையும் நாம் எப்படிப் பிரிக்கிறோம்? இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்கு நாக்குப் போன்ற ஒரு சவ்வு உண்டு. கோழிச்சூடன் போன்ற புல்லுக்கு அது இல்லை. கலங்களிலும் அப்படிப்பட்ட அடையாளங்கள் உண்டு. அவை புரதங்கள். குறித்த புரதத்தைப் பற்றிப்பிடிக்கும் பிறபொருளெதிரியை இழையத் துண்டின் மேல் இட்டு நிறமேற்றுவார்கள். புரதம் இருந்தால் அவ்விடம் நுணுக்குக்காட்டியில் மண்ணிறமாகத் தெரியும்.

கல்ரெற்றினின், டபிள்யூ.ரி.1, சைற்றோகெரற்றின் 5/6 என்பவை உறைக் கலங்களின் அடையாளங்கள். சீ.ஈ.ஏ., ரி.ரி.எஃப்.1, குளோடின் 4 என்பவை சுவாசப்பைப் புற்றுநோயின் பக்கம் நிற்பவை. ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வதில்லை. கல்ரெற்றினின் சில சுவாசப்பைப் புற்றுநோய்களிலும் தெரியும். ஆகவே இரு பக்கத்திலும் குறைந்தது இரண்டிரண்டு பார்ப்பார்கள். இவ்வளவும் பார்த்தாலும் அது உறைக் கலம் என்பது மட்டுமே தெரியவரும். புற்றா, வெறும் புண்ணா என்பது தெரியாது. அதற்கு பி.ஏ.பி.1 என்ற புரதம் உதவும். உறைக் கலத்தின் கருவில் அது அற்றுப்போயிருந்தால் புற்றுநோய் என்பதற்கு வலுவான சான்று. அது இருந்தால் புற்றுநோய் இல்லையென்று அர்த்தமல்ல. கலங்கள் கீழேயுள்ள கொழுப்பினுள் ஊடுருவியிருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும். அதனாற்றான், ஊசியால் எடுத்த நீர் போதாது, உறையில் ஒரு துண்டு வேண்டும் என்று கேட்கிறார்கள். "துண்டு வெட்டினால் நோய் பரவும்" என்ற பயத்தில் பலர் கிளினிக்கை விட்டு ஓடிவிடுகிறார்கள். துண்டு எடுக்காமல் சரியான வைத்தியத்தைத் தொடங்க வழியில்லை.

முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டால், இப்போதைய தோட்ட வேலையை மட்டும் சொல்லி நிறுத்தவேண்டாம். 25 வருடத்துக்கு முன் கூரை சீற் வெட்டியதையும், இடிந்த கட்டடம் துப்புரவாக்கியதையும் சொல்லுங்கள்.

எமது நாட்டுக் கூரை சீற்றுகளில் உள்ளது பெரும்பாலும் வெள்ளை அஸ்பெஸ்டஸ். நீலம் அதைவிடக் கொடியது. ஆனாலும் வெள்ளையும் புற்றுநோய் உண்டாக்குவதே. முழுசாக இருக்கும் கூரையின் கீழ் படுப்பதற்கு அஞ்சத் தேவையில்லை. ஆபத்து தூசியில்தான் இருக்கிறது. இடம்பெயர்ந்த நாம் உடைந்த வீடுகளின் சீற்றுகளைப் பொறுக்கிக் கொட்டிலுக்குப் போடுகிறோம், வேறு வழியுமில்லை. அப்படியானால் உலர்ந்தபடி வாளால் அரியவேண்டாம். தண்ணீர் ஊற்றி நனைத்த பின்னரே கையாளுங்கள். நொறுங்கியவற்றை ஈரத்தோடு பையில் கட்டி, கிணற்றுக்கும் வளவுக்கும் தூரமாக ஆழப் புதையுங்கள். வேலை செய்த உடுப்பை வீட்டுக்குள் உதறாமல் வெளியே நனைத்துத் தோயுங்கள். பிள்ளைகளை அந்தத் துண்டுகளோடு விளையாட விடவேண்டாம்.