மடைமுறையும் விண்மீன்களும்

புதுவையில் வான் நோக்குதல் புதிதன்று. 1768-இல் இங்கு வந்து தங்கிய பிரெஞ்சு வானநூலார் லெ ஜெந்தீல், கிரகணம் கணிக்கும் தமிழர் முறையை இவ்வூரிலேயே கற்றறிந்தார்.

கார்த்திகை மாதத்து அந்தியில் கார்த்திகை மீன்கொத்து கீழைக் கடல்மீது எழுந்து நிற்கும். வைகாசித் தொடக்கத்தில் இரவு 9 மணிக்குத் தெற்கே தாழ்வாகத் தென்சிலுவையும், ஆடித் தொடக்கத்தில் செந்நிறக் கேட்டையும் தோன்றும்.

அங்கத்தினர் கருதவேண்டுவது ஒன்றுண்டு. எந்த மீனும் நாள்தோறும் 4 நிமிடம் முந்தி உதிக்கும். மாதத்தில் 5 நாழிகை. தைத் தொடக்கத்தில் இரவு 11 மணிக்கு நேர்தெற்கே வரும் அகத்தியர் மீன், மாசி பிறக்கையில் 9 மணிக்கே வந்துவிடும். அதனையே குறியாகக் கொண்டு மடை மாற்றினால், முதல் முறைக்காரர் இரவுதோறும் 2 மணி நேரத் தண்ணீரை இழப்பார். இத்தகைய வழக்கொன்றிற்காக நான் பாகூர்ப் பக்கம் இருமுறை செல்ல நேர்ந்தது. இருவரும் பொய் சொல்லவில்லை! கடிகாரத்தை நாடாதவர், பதினைந்து நாளுக்கொருமுறை, ஒரு மணி பிந்தி வரும் வேறொரு மீனைக் குறியாக மாற்றிக்கொள்க.