பெட்ரோல் கசிவும் உத்தரவாதம் கழிந்த காரும்

1888-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஜெர்மனி நாட்டு மான்ஹைம் நகரினின்றும் பெர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் இயற்றிய மோட்டார் வண்டியில் மைந்தர் இருவரோடும் புறப்பட்டு, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைக் கடந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகரை அடைந்தார். இடைவழியில் எரிபொருட் குழாய் அடைபட, அம்மையார் தம் தொப்பியூசியால் அவ்வடைப்பை நீக்கி மேற்சென்றார் என்பர். அன்று உத்தரவாதச் சீட்டும் இல்லை, பட்டறையும் இல்லை. வண்டியை ஓட்டியவரே அதற்கு வைத்தியருமாயினார்.

இந்நாளில் புதிய கார் வாங்குவோர்க்கு அதனைச் செய்தோர் ஒரு கால எல்லை குறித்து, அவ்வெல்லைக்குள் நேரும் பழுதுகளைத் தம் செலவிலேயே நீக்கித் தருகின்றனர். எல்லை கழிந்தபின் செலவு முழுவதும் உடையவர் தலைமேல் வீழ்கின்றது. ஆதலின், வண்டி ஓடுமளவும் பழுதைப் பொறுத்திருத்தல் நம்மனோர்க்கு இயல்பாயிற்று. ஏனைய பழுதுகளுட் சில இதற்கு இடங்கொடுக்கலாம். பெட்ரோல் கசிவோ சிறிதும் இடங்கொடாது. குழாய் அடைபட்டால் வண்டி நின்றுவிடும். குழாய் கசிந்தால் வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். அடைப்பினும் கசிவு கொடிது என்பதற்கு இதுவே காரணம்.

இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றோமல்லேம். எம் இல்லத்திற் கற்றோம். எம் தந்தையார் பதினோராண்டாகப் பேணிவரும் கார் ஒன்று உண்டு. ஒருநாட் காலையில், கார்க் கொட்டகையிற் பெட்ரோல் மணக்கின்றது என்று எம் தங்கை கூறினாள். "நேற்றுத்தான் தொட்டி நிறைய ஊற்றினோம், மணக்காமல் என் செய்யும்?" என்றார் தந்தையார். மணம் நீங்காமை கண்டு பட்டறையொன்றிற் காட்டியபோது, உத்தரவாதம் முடிந்ததென்றும், பம்பும் குழாய்களும் முற்றும் மாற்றவேண்டுமென்றும் கூறிப் பெருந்தொகையொன்றைக் குறித்தனர். அத்தொகைக்கு அஞ்சி மூன்று வாரம் வாளாவிருந்தோம். ஒரு மாலை, காரின்கீழ்த் தரை ஒரு முறத்தளவு நனைந்திருந்தது. அக்கொட்டகையை நோக்கியதே எம் அடுக்களைச் சாளரம். அன்னையார் அடுப்பை மூட்டக் கையெடுத்த வேளையில், தங்கை கூவித் தடுத்தாள். பின்னர் வேறொரு மெக்கானிக் வந்து பார்த்தபோது, வெடித்திருந்தது ஒரு சாண் நீளமுள்ள ரப்பர்க் குழாயே எனத் தெரிந்தது.

அந்நிகழ்ச்சிக்குப்பின் யாம் வினவியும் கற்றும் அறிந்தவற்றை ஐந்து தலைப்பில் தொகுத்துரைக்கின்றோம்.

1. பெட்ரோலின் இயல்பு

பெட்ரோல் எரிகின்றது என்பது உலக வழக்கு. உண்மையில் எரிவது அதன் ஆவியேயாம். மெழுகுவர்த்தியிலும் ஆவியே எரிகின்றதென்பதனை மைக்கேல் ஃபாரடே என்னும் அறிஞர் 1860-61-இல் இலண்டனில் இளைஞர்க்கு நிகழ்த்திய சொற்பொழிவுகளில் நேரிற் காட்டினார். மெழுகு ஆவியாதற்குச் சுடரின் வெப்பம் வேண்டும். பெட்ரோலுக்கு அத்துணையும் வேண்டா. சுழியத்திற்குக் கீழ் நாற்பது பாகையளவு குளிரிலும் அது தீப்பற்றத்தக்க ஆவியை விடும். காற்றில் அவ்வாவி நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு கலந்தாலே போதும், ஒரு சிறு பொறியில் தீ மூளும்.

ஆவியெனின் மேலெழுந்து போய்விடும் என்று கருதுதல் பிழை. பெட்ரோலாவி காற்றினும் மூன்று நான்கு மடங்கு கனமுடையது. அது தரையையொட்டித் தவழ்ந்து, பள்ளங்களிலும் மூலைகளிலும் தங்கும். கசிவு ஓரிடத்திருக்க, தீ பல அடிக்கு அப்பாலுள்ள அடுப்பிலிருந்து வருவது இதனாலேயாம்.

2. கசிவு தோன்றும் இடங்கள்

கசிவை முதலில் அறிவது மூக்கு. கண் அதன் பின்னரே அறியும். காரின்கீழ் ஈரங்கண்டவிடத்து, அது குளிர்சாதனத்தினின்று வடியும் நீரா, பெட்ரோலா என ஆராய்க. நீருக்கு மணமில்லை, பெட்ரோலோ மணத்தாற் புலப்படும். தொட்டி நிரம்பியபோது மட்டும் மணக்குமாயின், தொட்டியின் மேற்புறத்துள்ள பம்பின் மூடிவளையத்தையோ ஊற்றுங் குழாயையோ ஐயுறுக. எஞ்சின் பக்கம் மணக்குமாயின், ரப்பர்க் குழாய்களையும், பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்களின் ரப்பர் வளையங்களையும் நோக்குக. தொட்டியின் அடிப்புறம் கல்லடியாலும் துருவாலும் கெடும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று அக்கேட்டை விரைவிக்கும். எலி கடித்த குழாய்களும் நம் நாட்டிற் பல.

பழைய கார்களுக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. 2025-ஆம் ஆண்டளவில் இந்திய நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் நூற்றுக்கு இருபது பங்காயிற்று. 2023 ஏப்ரல் முதற்கொண்டு செய்யப்படும் வண்டிகளின் உறுப்புகள் இக்கலவையைத் தாங்குமாறு அமைந்தவை. அதற்கு முற்பட்டவற்றுட் சிலவற்றின் ரப்பர் உறுப்புகள் ஊறியும் இறுகியும் வெடிக்கக்கூடும். அவற்றை ஆண்டிற்கொருமுறையேனும் நோக்குதல் கடன்.

3. கண்டவுடன் செய்யத் தக்கன

சொட்டுங் கசிவைக் கண்டால், எஞ்சினை முடுக்கற்க. ஓடும் வழியிற் கண்டால், வண்டியை ஒதுக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அனைவரும் இறங்கி விலகுக. கொட்டகையிற் கண்டால், கதவுகளை அகலத் திறக்க. இயலுமேல் வண்டியைக் கையால் வெளியே தள்ளுக. அவ்விடத்தில் மின்விளக்குச் சுவிட்சைப் போடுதலும் அணைத்தலும் கூடா. பொறி அங்கும் தோன்றும். ஆவி சூழ்ந்திருக்கையில் பாட்டரிக் கம்பியைக் கழற்றுதலும் அத்தகையதே. சிந்தியதன்மேல் மணலைக் கொட்டுக. நீரால் அலம்பிச் சாக்கடையில் விடற்க. பெட்ரோல் நீரினும் இலேசானதாகலின், மேலே மிதந்து சென்று வேறிடத்தில் தீயை வளர்க்கும். தீயே பற்றிவிடின் உலர்பொடி அல்லது நுரை கொண்ட தீயணைப்பானே பயன்படும், நீர் பயன்படாது.

4. பழுது நீக்குதல்

பெர்த்தா அம்மையாரின் தொப்பியூசி இக்காலத்துக்கு உதவாது. அவர் வண்டியில் எரிபொருள் தன் எடையாலேயே இறங்கியது. இக்காலத்து இன்ஜெக்டர் வண்டிகளிலோ அது காற்றழுத்தத்தினும் ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தத்தோடு குழாயில் நிற்கும். எஞ்சினை நிறுத்தியபின்னும் அவ்வழுத்தம் நெடுநேரம் நீங்காது. ஆதலின், அழுத்தத்தை முறைப்படி வெளியேற்றாது குழாயைக் கழற்றுதல், பெட்ரோலை முகத்தில் வாரியிறைத்துக்கொள்வதேயாம்.

மாற்றுங் குழாயும் அவ்வழுத்தத்துக்கு ஏற்றதாதல் வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்குரிய குழாய் தோற்றத்தால் ஒத்திருப்பினும் இன்ஜெக்டர் வண்டிக்கு ஆகாது. முன்னதன்மேல் ஜே30 ஆர்7 என்றும், பின்னதன்மேல் ஜே30 ஆர்9 என்றும் அச்சிட்டிருக்கும். இவ்வெழுத்தைப் படித்து வாங்குதல் எவர்க்கும் எளிது.

ஓட்டையில் சவர்க்காரத்தைத் தேய்த்து அடைத்தல் நம் ஊர் வழக்கம். தொட்டியின் சிறு துளையில் அது சிறிது நேரம் நிற்றலும் உண்டு. பட்டறை சேருமளவும் அஃது உதவலாம், அதுவே பழுதுநீக்கமாகாது. அழுத்தமுள்ள குழாயில் அது கணமும் நில்லாது.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது, தொட்டியை வெறுமையாக்கிவிட்டோம் என்ற துணிவால் அதனைப் பற்றவைத்தல். நிறைந்த தொட்டியில் ஆவி மிகுந்து காற்றுக் குறைந்திருக்கும். வடித்த தொட்டியிலோ எஞ்சிய ஆவியும் காற்றும் கலந்து வெடிமருந்துக்கு நிகராகும். வெறுந்தொட்டியே கொடிது என்பதை மறவற்க. தொட்டியைப் புதிதாக மாற்றுதலே நன்று.

பழுது நீங்கியபின், கழற்றிய உறுப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்க. மறுநாட் காலை மணமின்மையை உறுதி செய்தபின்னரே வண்டியைக் கொட்டகையில் விடுக.

5. உத்தரவாதம் கழிந்தோர்க்கும் உரிய உரிமை

உத்தரவாதம் முடிந்ததும் உரிமை முழுவதும் முடிந்ததென்று பலர் எண்ணுகின்றனர். உத்தரவாதம் வேறு, பாதுகாப்புக் குறைக்காக வண்டிகளைத் திரும்ப அழைத்தல் வேறு. 1978-இல் அமெரிக்க நாட்டு ஃபோர்டு நிறுவனத்தார், பெட்ரோல் தொட்டியின் அமைப்புக் குறை காரணமாக, பின்டோ முதலிய ஏறத்தாழ 15 இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்தனர். அவற்றுள் ஏழாண்டு பழமையனவும் இருந்தன. நம் நாட்டிலும் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவு இதற்கு வழி செய்கின்றது; அதன் விதிகள் 1-4-2021 முதல் நடைமுறையில் உள்ளன. ஏழாண்டிற்கு உட்பட்ட வண்டிகளைப் பற்றியன அவை. ஆதலின் கசிவு கண்டோர், பணங் கொடுக்குமுன், தம் வண்டியின் அடிச்சட்ட எண்ணைக் கூறி, அவ்வகை வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டனவா என உற்பத்தியாளரை வினவுதல் அறிவுடைமை. எனினும், மூப்பாலும் எலியாலும் நேரும் கேடு இதன்பாற் படாது. எம் இல்லத்துக் கேடு மூப்பால் வந்தது. அதன் செலவு எமதே.

முடிவுரை

அச்செலவு யாம் அஞ்சிய பெருந்தொகையில் ஒரு சிறு கூறாய் முடிந்தது. இதனை வெற்றியாக யாம் எண்ணவில்லை. பெருந்தொகையே ஆயிருப்பினும் மூன்று வாரம் காத்திருந்தது தவறேயாம். வேறொரு பட்டறையில் வினவுதற்கு ஒரு நாள் போதும். அவ்வொரு நாளும் கார் வீட்டினின்று விலகியிருத்தல் வேண்டும். உத்தரவாதச் சீட்டிற் குறித்த நாள், செலவு யாருடையது என்பதற்கே எல்லை. தீ அந்நாளை நோக்கி வருவதன்று. இப்பொழுதெல்லாம் காலையிற் காரை எடுக்குமுன், "மணம் ஏதேனும் உண்டா, அம்மா?" என்று எம் தந்தையார் தங்கையை வினவுகின்றார். இளையோர் சொல்லாயினும் அதனைக் கேட்டு ஆராய்தல் நன்றென்பதை அச்சிறு குழாய் எங்கட்குக் கற்பித்தது.