பழைய ஐகானுக்குப் புது ஷாக் வாங்கும் முன்

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் மறைமலை நகர். 1999-இல் அங்கிருந்து வெளிவந்த ஃபோர்டு ஐகானை, அதிலும் 1.6 பெட்ரோலை, இன்றும் தேடிப்பிடித்து வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாங்கிய கையோடு அவர்கள் கேட்பது, "எவ்வளவு லோ பண்ணலாம் அண்ணே?" அவர்களுக்காகச் சொல்கிறேன்.

1. வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அது ஆடும் ஆட்டத்தை அடக்குவது ஷாக். வயதான வண்டியில் பெரும்பாலும் முதலில் ஓய்வது ஷாக்தான். ஸ்பிரிங் உடையாமல், தொய்யாமல் இருந்தால் அதைத் தொடாதீர்கள். காசை ஷாக்கில் போடுங்கள்.

2. கடகட சத்தத்துக்கெல்லாம் ஷாக்கைக் குற்றம் சொல்லக் கூடாது. லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மவுண்ட் மூன்றையும் முதலில் பாருங்கள்.

3. ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். கேஸ் வைத்துச் சூடுகாட்டி இறக்குவது அதைவிட மோசம். இரும்பின் பதமே போய்விடும். வெட்டிய ஸ்பிரிங்கின் நுனி அதன் தகட்டில் சரியாக உட்காராது. வண்டி இறங்கிய அளவுக்கு ஷாக்கின் ஓட்டமும் குறைந்து, சின்னப் பள்ளத்திலேயே பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும். அந்த நொடியில் டயர் ரோட்டைப் பிடிக்காது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் தரை வழுவழுப்பு, அங்கே விறைப்பான செட்டப் எடுபடும். முடிச்சூர் சாலையிலும் கேம்ப் ரோட்டிலும் மழைக்குப் பிந்தைய பள்ளங்களும் வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடைகளும்தான் உங்கள் டிராக். அங்கே விறைப்பான வண்டி குதிக்கும், மென்மையான வண்டி பிடிக்கும். இறக்கியே தீர வேண்டுமென்றால் அந்த மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங், அதற்கு ஒத்த ஷாக், 25 மி.மீ.க்கு மேல் போகாத இறக்கம். அதோடு நிறுத்துங்கள்.

4. முன்னால் என்றால் இரண்டு பக்கமும், பின்னால் என்றாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். பம்ப் ஸ்டாப்பும் டஸ்ட் கவரும் புதிதாகவே இருக்கட்டும்.

5. மறைமலை நகரில் கார் உற்பத்தி 2022-இல் நின்றுவிட்டது. பொருள் கிடைத்தால் போதும் என்று எதையாவது வாங்கிவிடாதீர்கள். சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். டீசல் ஐகானின் இன்ஜின் கனம், அதன் முன் ஸ்பிரிங்கைப் பெட்ரோலில் போட்டால் மூக்கு தூக்கி நிற்கும். புதுப்பேட்டையில் பழைய ஸ்பிரிங் எடுக்கலாம், துருவும் விரிசலும் பார்த்து. பழைய ஷாக் வேண்டவே வேண்டாம், தம்பி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. உங்களுடையது அப்படி மூழ்கிய வண்டியாக இருந்தால் ஸ்பிரிங் உட்காரும் தகட்டில் துரு ஏறியிருக்கிறதா என்று சுரண்டிப் பாருங்கள்.

6. ஸ்ட்ரட்டைப் பிரிக்க ஸ்பிரிங் கம்ப்ரஸர் கட்டாயம். கயிறு கட்டிக் கழற்றுகிறேன் என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். தெறிக்கும் ஸ்பிரிங் ஆளையே கொல்லும். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை, ஜாக்கியை இறக்கி நாலு சக்கரமும் தரையில் நின்ற பிறகே கடைசியாக முறுக்கச் சொல்லுங்கள். தொங்கலில் முறுக்கினால் புது ரப்பர் சீக்கிரம் கிழிந்துவிடும். அன்றைக்கே வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் புது டயரும் ஒருபக்கமாகத் தேயும்.