அழுக்கு எது, வாத்தியம் எது?

பங்குனியில் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பொங்கல். அது முடிந்தால் சிவகாசி பத்ரகாளியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா. இரண்டு ஊருக்கும் இடையில் இருக்கும் ஆமத்தூர்ப் பக்கத்தில் அந்த மாதங்களில் நாயனத்துக்கும் ஓய்வில்லை, பேண்டு செட்டுக்கும் ஓய்வில்லை. எல்லாம் ஓய்ந்து, வாத்தியத்தைத் துடைக்க உட்காரும்போதுதான் அந்த யோசனை வருகிறது. நகைக்கடையில் கொலுசைப் போட்டு எடுக்கிறார்களே, அந்த அல்ட்ராசோனிக் தொட்டியில் இதையும் போட்டால் என்ன?

போடலாம். ஆனால் எதைப் போடுவது என்பதில்தான் குழப்பம்.

‘சத்தத்தால் குலுக்கி அழுக்கை உதிர்க்கிறது’ என்று நினைக்கிறார்கள். வேலை செய்வது குலுக்கல் அல்ல, குமிழி. தொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வில்லைகள் மின்சாரம் பாய்ந்ததும் நொடிக்கு 40,000 தடவை போல அதிர்கின்றன. நம் காதுக்கு எட்டுவது 20,000 வரைதான். அந்த வேகத்தில் தண்ணீர் இழுபட்டு, கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உண்டாகி, உண்டான உடனேயே நொறுங்குகின்றன. நொறுங்கும் இடத்தில் தண்ணீர் ஊசியாய்ப் பாய்ந்து அழுக்கைப் பெயர்க்கிறது. கப்பல்களின் வெண்கல விசிறிகளை அரித்துத் தின்றதும் இதே குமிழிதான். அது எப்படி இவ்வளவு பலத்தோடு நொறுங்குகிறது என்று இயற்பியலாளர் ராலே பிரபு 1917-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். நம்பாதவர்கள் சாப்பாடு கட்டும் அலுமினியத் தாள் ஒரு துண்டைத் தொட்டியில் பிடித்துப் பார்க்கலாம். சிறிது நேரத்தில் சல்லடையாகிவிடும்.

அந்தக் குமிழிக்கு அழுக்கு எது, வாத்தியம் எது என்று தெரியாது. அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டியது நாம்.

‘நாயனத்தை முழுசாக முக்கலாம்’ என்று யாராவது சொன்னால் அவரை நாயனத்துக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள். புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்தை ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். அதிலும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் மரத்துக்குத்தான் மதிப்பு. பல்லாண்டு காய்ந்து ஈரம் வற்றியது என்பதால். அதைக் கொண்டுபோய் வெந்நீரில் ஊறவைப்பதா? சிவகாசிப் பட்டாசுத் தொழிலுக்கு வாய்த்த இந்த வறண்ட காற்று, நனைந்த மரத்துக்கு ஆகாது. வேகமாகக் காயும் மரம் விரிசல் விடும். கீழ்ப்பக்கத் துளைகளில் சுருதி பார்த்து அடைத்த மெழுகும் சூட்டில் இளகும். சீவாளியோ நாணல், கிழிந்துபோகும். மிஞ்சுவது சீவாளியைச் செருகும் கெண்டை ஒன்றுதான். நூலை அவிழ்த்துவிட்டு அந்த உலோகக் குழலை மட்டும் தாராளமாகப் போடலாம்.

கிளாரினெட்டுக்கும் இதே கதைதான். மரக் குழல், தோல் திண்டு, கார்க் மூன்றும் வெளியே. கழற்றிய சாவிகள் மட்டும் உள்ளே. மௌத் பீஸ் பெரும்பாலும் எபனைட்டில் செய்தது. ரப்பரில் நிறையக் கந்தகம் சேர்த்து இறுக்கினால் வருவது எபனைட். வெந்நீர் பட்டால் கறுப்பு மங்கிப் பச்சையும் பழுப்புமாகி, கந்தக வாடை அடிக்கும். அந்த வாடையை நம் பக்கத்து மூக்குக்கு அறிமுகப்படுத்த வேண்டாம். மௌத் பீஸுக்குப் பச்சைத் தண்ணீரும் சோப்பும் போதும்.

‘போட்டு எடுத்தால் பளபளக்கும்’ என்பது அடுத்த நம்பிக்கை. வெள்ளிப் பூச்சில் ஏறும் கறுப்பு, ஒட்டிக்கொண்ட அழுக்கல்ல. கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளியே மாறிப்போன படலம். வெறும் தண்ணீரில் குமிழி எவ்வளவு தட்டினாலும் அது போகாது, தனியே மருந்து வேண்டும். டிரம்பெட் குழலுக்குள் படியும் உப்புக்கும் சிட்ரிக் அமிலம் போல ஏதாவது லேசாகச் சேர்த்தால்தான் அசையும். பித்தளையின் மேல் பூசிய வார்னிஷ் ஏற்கெனவே செதில் விட்டிருந்தால், அது உரிந்துகொண்டு வரும்.

பழைய டிரம்பெட்டில் சில இடங்களில் இளஞ்சிவப்பாகப் புள்ளி தெரியும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். எச்சில் ஈரம் உள்ளேயே தங்கித் தங்கித் துத்தநாகம் கழன்று, செம்பு மட்டும் பஞ்சு போல நின்றிருக்கிற இடம் அது. தொட்டிக்குப் போய்வந்த பிறகு அங்கே காற்று கசியும். ‘மெஷின் ஓட்டை போட்டுவிட்டது’ என்று சண்டைக்குப் போவார்கள். ஓட்டை முன்பே இருந்தது. அதை அடைத்திருந்தது அழுக்குதான்.

‘ஆர்மோனிய ரீடைப் போட்டால் சுருதி சரியாகிவிடும்.’ பாதி உண்மை. பித்தளை நாக்கின் நுனியில் தூசி ஏறினால் எடை கூடிச் சுருதி இறங்கும். தூசி போனால் பழைய இடத்துக்கு ஏறும். ஆனால் தூசியோடு சேர்த்தே யாராவது சுருதி கூட்டியிருந்தால், சுத்தம் செய்ததும் அந்த ஒரு ரீடு தனியாகக் கத்தும். தறையடித்த இடத்தில் ஈரம் தங்கினால் களிம்பும் ஏறும். விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நாடகத்துக்கு வாசித்துத் தூசி குடித்த பெட்டிக்கும் ஒரு மெல்லிய பிரஷ்ஷே போதும் என்பது என் கட்சி.

கடைசியாக ஒன்று, இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. ‘தண்ணீருக்குப் பதில் பெட்ரோலோ தின்னரோ ஊற்றினால் இன்னும் சீக்கிரம் போகும்.’ தொட்டி ஓட ஓடத் திரவம் தானாகவே சூடேறும். பலவற்றில் தனி ஹீட்டரும் உண்டு. அதிர்வில் ஆவி கிளம்பித் தொட்டியைச் சுற்றி நிற்கும். பக்கத்திலேயே சுவிட்ச். பட்டாசு மருந்து அறைக்குள் இரும்புக் கருவி ஏன் ஆகாது, உள்ளே போகுமுன் உடம்பில் உள்ள மின்சாரத்தை ஏன் இறக்கிவிட்டுப் போக வேண்டும் என்பதெல்லாம் இந்த ஊரில் பாடமாகச் சொல்லத் தேவையில்லை. ஸ்பிரிட்டும் மண்ணெண்ணெயும் அதே கணக்குதான். சாதாரணத் தொட்டிக்குத் தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் திரவம் சில சொட்டு, அவ்வளவே.

நகைக்கடைத் தொட்டி சின்னது, டிரம்பெட் முழுசாக அதில் இறங்காது. உலோக மௌத் பீஸ், பிஸ்டன்கள், கெண்டை இறங்கும். பிஸ்டனில் உள்ள ஃபெல்ட்டையும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிடுங்கள். பொருள் அடித்தட்டில் உட்காராமல் கூடையில் தொங்கட்டும். தொட்டியைத் தண்ணீரோடு மட்டும் சில நிமிடம் ஓடவிட்டு, கரைந்திருக்கும் காற்று போன பிறகு போடுங்கள். ஓடும்போது கையை விடாதீர்கள். ஐந்து, பத்து நிமிடம் போதும். எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, பிஸ்டனுக்கு எண்ணெய் விடுங்கள். கெண்டைக்குப் பழைய நூல் வேண்டாம், புது நூலே சுற்றுங்கள்.