பிளக் பொருந்தினால் போதுமா? – கம்ப்யூட்டரும் கேம்பேடும்



பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்தோ சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ மலிவு விலையில் ஒரு கேம்பேடு வாங்கி வருகிறோம். கம்ப்யூட்டரில் செருகினால் லைட் எரிகிறது. ஆனால் கேம் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. "பீஸ் போச்சுடா" என்று மூலையில் போட்டுவிடுகிறோம். நானூறு ரூபாய் சம்பாதிக்கத் தக்காளி மண்டியில் எத்தனை கிரேட் தூக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

பல சமயம் பீஸ் போயிருக்காது, பாஷைதான் புரிந்திருக்காது. நம் பாலக்கோடு பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். மண்டிக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம். விலை பேச பாஷை வேண்டுமல்லவா? பிளக் என்பது வாசல் மட்டுமே.

கேம்போர்ட் காலம்

1981இல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது ஜாய்ஸ்டிக் மாட்டுவதற்கென்றே 15 பின் உள்ள ஓர் அடாப்டர் கார்டும் வந்தது. 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் கார்டிலும் இதே போர்ட் இருந்தது. ஜாய்ஸ்டிக் உள்ளே இருப்பது நம் லேபில் பார்க்கும் பொட்டென்ஷியோமீட்டர்தான். குச்சியைச் சாய்த்தால் ரெசிஸ்டன்ஸ் 0 முதல் 100 கிலோ ஓம் வரை மாறும். அதற்கேற்ப ஒரு டைமர் பல்ஸின் நீளம் சுமார் 24 மைக்ரோ செகண்டிலிருந்து 1124 மைக்ரோ செகண்ட் வரை மாறும். அந்த நேரத்தைக் கம்ப்யூட்டர் ஒரு லூப்பில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக் கண்டுபிடிக்கும்.

இங்கேதான் சிக்கல். வேகமான பிராசசர் அதே நேரத்தில் அதிகம் எண்ணிவிடும். ஜாய்ஸ்டிக் அதேதான், கம்ப்யூட்டர் மாறினால் கணக்கு மாறிவிடும்! ஆகவேதான் அன்று ஒவ்வொரு கேமும் முதலில் 'கேலிபரேஷன்' கேட்டது.

டி.வி. கேம் பெட்டி

தொண்ணூறுகளில் நம் ஊர்களில் டி.வி.யில் மாட்டி ஆடிய பெட்டிகளில் பல, 1983இல் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாமின் நகல்கள். பலவற்றின் பேடில் 9 பின் பிளக் இருந்தது. பழைய கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டிலும் அதே அளவு 9 பின்தான். ஆனால் பேடு 5 வோல்ட்டில் வேலை செய்வது. 8 பட்டன்களின் நிலையை ஒரே வயரில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது. சீரியல் போர்ட்டிலோ பிளஸ், மைனஸ் 12 வோல்ட் வரைகூட வரும். பொருந்துகிறதே என்று செருகினால் பேடு எரிந்தே போகலாம்!

யூ.எஸ்.பி. வந்த பிறகு

1996இல் யூ.எஸ்.பி. வந்தது. "நான் கேம்பேடு, எனக்கு இத்தனை பட்டன்" என்று கருவியே தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். 2007இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, கேம்போர்ட்டைக் கைவிட்டது. சண்டை முடிந்ததா? இல்லை! விண்டோஸிலேயே இரண்டு பாஷைகள். பழையது டைரக்ட்இன்புட்: எந்த வடிவக் கருவியையும் ஏற்கும், ஆனால் 'பட்டன் 3' என்றால் எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 உடன் வந்தது எக்ஸ்இன்புட்: பட்டன் அமைப்பு நிலையானது, அதிகபட்சம் 4 பேடு. எக்ஸ்இன்புட் மட்டும் தெரிந்த கேமிடம் டைரக்ட்இன்புட் பேடு பேசினால் காதிலேயே விழாது.

சோதிப்பது எப்படி?

1. முதலில் கேபிள். யூ.எஸ்.பி. 2.0 கேபிளில் சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு. பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. கழற்றி மாட்டும் கேபிள் என்றால், அது சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளாக இருக்கலாம். அதில் லைட் எரியும், தகவல் போகாது. மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பாருங்கள்.

2. விண்டோஸ் சாவியையும் ஆர் சாவியையும் சேர்த்து அழுத்தி, ஜாய் புள்ளி சி.பி.எல். என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். வரும் ஜன்னலில் பட்டனை அழுத்தும்போது விளக்கு மாறினால் பேடு நல்ல பேடு.

3. சில பேடுகளில் எக்ஸ், டி என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதுதான் பாஷை மாற்றும் சுவிட்ச். மாற்றிவிட்டு கேமை மறுபடி திறங்கள்.

4. சுவிட்ச் இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஸ்டீமில் உள்ள ஸ்டீம் இன்புட், எக்ஸ்360சிஇ போன்ற மென்பொருள்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

இது விளையாட்டுச் சமாச்சாரம்தானே என்று நினைக்க வேண்டாம். நாளைக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் பி.எல்.சி.யோடு ஒரு கருவியை இணைக்கச் சொல்வார்கள். ஆர்.எஸ். 485 வயர் இரண்டும் சரியாகவே இருக்கும். பாட் ரேட் ஒன்றில் 9600, மற்றதில் 19200 என்றால் ஒன்றும் ஓடாது. அப்போது "சார், ஓடல" என்று மட்டும் சொன்னால் அதற்கு டிப்ளமோ எதற்கு? வயரா, கருவியா, டிரைவரா, மென்பொருளா, எந்த இடத்தில் பேச்சு அறுந்தது என்று சொல்பவனே டெக்னீஷியன். மூலையில் கிடக்கும் பழைய பேடை இன்றே எடுங்கள் நண்பர்களே, செலவில்லாத பிராக்டிகல் அது!