பிரிக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி

அவுஸ்திரேலியா என்றதும் நமக்குக் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். அந்த நாட்டின் ஆதிக்குடிகளைப் பற்றி நாம் கேள்விப்படுவது குறைவு. சட்டத்தைக் காட்டியே அந்த மக்களின் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தை 1915இல் திருத்தினார்கள். அதன்பின் நீதிமன்றம் போகாமலே பிள்ளையை எடுத்துப்போக ஆதிக்குடிப் பாதுகாப்புச் சபைக்கு அதிகாரம் கிடைத்தது. பெண்பிள்ளைகள் குட்டமுண்ட்ரா விடுதிக்கும் ஆண்பிள்ளைகள் கிஞ்செலா விடுதிக்கும் போனார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பழக்கியது வீட்டுவேலை. மற்ற மாநிலங்களிலும் இதே கதைதான். 1910 முதல் 1970 வரை, மூன்றில் ஒரு பிள்ளை தொடக்கம் பத்தில் ஒரு பிள்ளை வரை இப்படிப் பிரிக்கப்பட்டதாக 1997இல் வெளிவந்த அரசாங்க விசாரணை அறிக்கை சொல்கிறது.

அப்படிப் பிரிக்கப்பட்டுக் குட்டமுண்ட்ராவில் வளர்ந்தவர் கோரல் எட்வர்ட்ஸ். அவரும் வரலாற்று ஆய்வாளர் பீட்டர் ரீடும் 1980இல் 'லிங்க்-அப்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பிரிந்த உறவுகளைத் தேடிச் சேர்ப்பதுதான் வேலை. தேடி வருகிறவர்களிடம் காசு வாங்குவதில்லை.

எங்கே தொடங்குவது? அதில்தான் சிக்கல். பல பிள்ளைகளுக்குப் பெயரையே மாற்றிவிட்டார்கள். பிறந்த தேதியை உத்தேசமாக எழுதினார்கள். தாய் உயிரோடு இருக்கும்போதே செத்துப்போனாள் என்று சொல்லி வளர்த்ததும் உண்டு. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போன சொந்தங்களைத் தேடுகிறவர்கள் நம்ம லயங்களிலும் இருக்கிறார்கள். ஆனால் நம்மிடம் ஆள் பெயராவது இருக்கும். அங்கே தேடுகிறவர் முதலில் தன்னுடைய பெயரையே தேட வேண்டும்.

அதற்கு உதவுவது, குடும்பத்தைப் பிரித்த அதே கந்தோரின் பதிவேடுதான்! அதோடு மிஷன் பதிவுகள், ஞானஸ்நானப் புத்தகம், பிறப்பு, விவாகப் பத்திரங்கள், பழைய படங்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நோர்மன் டிண்டேல் என்ற ஆய்வாளர் 1938, 1939ஆம் ஆண்டுகளில் எழுதிவைத்த வம்சவழிக் குறிப்புகளும் கைகொடுக்கின்றன. கடுதாசியில் இல்லாததைப் பெரியவர்கள் சொல்வார்கள். குடும்பப் பெயரைச் சொன்னால் போதும், "அது இன்ன ஆத்தோர ஆளுங்க" என்று பிடித்துவிடுவார்கள்.

பழைய கோப்பைத் தனியாகப் படிக்க விடுவது நல்லதல்ல. பிள்ளைக்காக அழுத தாயை, பிள்ளையைக் கவனிக்காதவள் என்று அதில் எழுதியிருக்கும். அதனால் உதவியாளர் ஒருவர் பக்கத்தில் இருப்பார்.

ஆள் கிடைத்ததும் வாசல் கதவைத் தட்டிவிடுவதில்லை. முதலில் அந்தரங்கமாகக் கேட்பார்கள். அவர் வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும். சரி என்றால் கடிதம், படம், தொலைபேசி. பிறகுதான் நேரில் சந்திப்பு; உதவியாளரும் கூடவே போவார். இந்த மெதுவான வேலைதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. விலாசம் கிடைத்த உடனே ஐம்பது வருஷம் பாசம் தெரியாதவர்கள் தாயும் பிள்ளையும் ஆகிவிட முடியுமா?

2008 பெப்ரவரி 13ஆந் திகதி பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் எத்தனையோ தாய்மார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்படியானவர்களின் பிள்ளைகளை லிங்க்-அப் கல்லறைக்கே கூட்டிப் போகிறது. அங்கே உள்ள பெரியவர்கள், இவள் இன்னாருடைய பிள்ளை என்று தங்கள் மண்ணுக்குச் சொல்லி வரவேற்கிறார்கள்.