கோலாட்டம் யாருக்கு உரியது?

றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு வரும் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றை இம்முறை எடுத்துக்கொள்வோம். கும்மி, கோலாட்டப் பயிற்சிக்குத் தங்கையுடன் வரும் அண்ணன் தானும் கோல் எடுக்கலாமா? "அது பொம்பிளைப் பிள்ளையளின்ரை ஆட்டம்" என்று பெரியவர் ஒருவர் சொன்னால் போதும், பையன் காருக்குள் போய் இருந்துவிடுவான். நாளடைவில் தமிழ் வகுப்புக்கும் வராமல் விடுவான்.

யாழ்ப்பாணத்தில் கோலாட்டம் சிறுமியர் ஆட்டந்தான். ஆனால் மட்டக்களப்பில் கோலேந்தி வட்டமாய் ஆடும் வசந்தன் ஆண்களுடையது. தமிழ்நாட்டில் ஆண்கள் கைக்குட்டை வீசி ஆடிவந்த ஒயிலாட்டத்தை இன்று பெண்களும் ஆடுகின்றனர். ஆகவே தடை கோலில் இல்லை. அழைக்கும் சொல்லில் இருக்கிறது.

'கும்மியடி' என்பதில் வரும் 'அடி'யைப் பெண்ணை விளிக்கும் சொல்லென்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது 'கும்மியை அடி' என்னும் ஏவல், எவருக்கும் பொருந்தும். பழைய பாட்டுகளில் 'பெண்களே', 'தோழி' என்று வருவதும் உண்டு. அவற்றை மாற்றவேண்டாம். மாணிக்கவாசக சுவாமிகள் திருவெம்பாவையையும் திருவம்மானையையும் பெண்கள் பாடுவதாகவே அருளினார். மார்கழியில் திருவெம்பாவை பாடும் ஆண்கள் எவரும் அதற்குக் கூச்சப்படுவதில்லை.

பயிற்றுபவரின் அழைப்பை மாற்றலாம். வட அமெரிக்காவில் 'கொன்ட்ரா' என்னும் சோடி நடனத்தில் 'ஆண்கள்', 'பெண்கள்' என்று அழைத்தே அசைவுகளைச் சொல்லிவந்தார்கள். யாரும் எப்பக்கமும் ஆடட்டும் என்று பல குழுக்கள் 'லார்க்', 'றொபின்' என்னும் பறவைப் பெயர்களுக்கு மாறின. முன்னது இடப்பக்கம், பின்னது வலப்பக்கம். ஆங்கிலத்தில் முதலெழுத்தும் அப்படியே ஒத்துவரும். வரவு இடம், செலவு வலம் என்று கணக்கெழுதிப் பழகிய எமக்கு இது உடனே பிடித்துவிட்டது.

தமிழில் பறவையும் தேவையில்லை. 'நீ', 'நீங்கள்', ஏவல் வினை எதுவும் ஆண், பெண் காட்டாது. "உள்வட்டம் வலப்பக்கம் திரும்புங்கோ, வெளிவட்டம் நில்லுங்கோ" என்றால் போதும். எந்த வட்டத்திலும் எவரும் நிற்கலாம். 'பெண்பிள்ளைகள் எல்லாம் இஞ்சாலை வாங்கோ' என்பதற்குப் பதிலாகப் 'பிள்ளையள்' என்றாலே சரி.

தனியே ஆட விரும்பும் சிறுமியரும் இருக்கிறார்கள். சில தாய்மாரின் விருப்பமும் அதுவே. அவர்களுக்கென ஒரு கும்மியை ஒதுக்கிவிட்டு, கோலாட்டத்தை எல்லோருக்கும் திறந்துவிடலாம்.